கடாரமும் ஆய்விதழ்களும்

முதலாம் இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்பது நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். அந்தக் கடாரம் இன்றைய கெடாவே என்பதையும் நாம் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறோம். கோயில் விழா மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இச்செய்தி அடிக்கடி வருகிறது. ஆனால், கடாரம் என்பது கெடாதான் என்பதை எவ்வாறு அறிந்தோம் என்று ஒருவர் கேட்டால், "நூலில் இருக்கிறதே" என்பதற்கு மேல் நம்மில் பலரால் விடை கூற இயலாது. அந்த நூலை எழுதியவர் அதனை எங்கிருந்து பெற்றார்? அதற்கு முன்னே அறிஞர்கள் என்ன எண்ணியிருந்தார்கள்? இவ்வினாக்களுக்கு விடை, பெரும்பாலும் நூல்களில் இல்லை, ஆய்விதழ்களில் இருக்கிறது. மொழியாராய்ச்சியிலும் இலக்கிய ஆராய்ச்சியிலும் ஈடுபட விரும்புவோர் ஆய்விதழ்களை எவ்வாறு தேடிப் பயன்படுத்த வேண்டும் என்பதை, கடாரம் என்ற இந்த ஒரு சொல்லின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றே இன்று காண்போம்.

ஆய்விதழ் என்பது வார இதழைப் போன்றதன்று. ஒரு கழகமோ, பல்கலைக்கழகமோ, சங்கமோ ஆண்டுக்கு ஓரிரு முறையோ சில முறையோ வெளியிடுவது. அதில் வருபவை, ஓர் அறிஞர் புதிதாகக் கண்டதைப் பிற அறிஞர்கள் முன் வைக்கும் கட்டுரைகள். அவற்றை மறுப்போர் அடுத்த இதழிலோ, வேறு நாட்டு இதழிலோ மறுப்பர். இவ்வாறு பல ஆண்டுகள் நடந்த வழக்கின் தீர்ப்பு மட்டுமே பின்னர் நூலில் ஒரு வரியாக இடம்பெறுகிறது. தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு, இரு தரப்புச் சான்றுகளும் தெரியா. தீர்ப்பு பிழையாக இருந்தால் அதுவும் தெரியாது.

கடாரத்தின் வழக்கு தஞ்சைப் பெரிய கோயிலில் தொடங்குகிறது. இராசேந்திரனின் 19-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. அதிலுள்ள மெய்க்கீர்த்தி, அம்மன்னன் கடலில் பல கலங்களைச் செலுத்திக் கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை வென்றான் என்று கூறி, பதின்மூன்று இடங்களின் பெயர்களை அடுக்கிச் செல்கிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம் என்பன அவை. செருமானிய அறிஞர் ஹுல்ட்ஷ் இக்கல்வெட்டைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியில் 1891-இல் பதிப்பித்தார். கல்வெட்டை வெளிக்கொணர்ந்த பெருமை அவருடையது. ஆயினும், கடாரம் எது என்று காட்ட முயன்றபோது அவர் முதலில் சுட்டியது இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த கிடாரம் என்ற ஊரை. கடலில் கலம் செலுத்திச் சென்ற மன்னன் இராமநாதபுரத்துக்கா சென்றான் என்று இன்று நாம் வியக்கலாம். அன்றிருந்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால், பெயரொற்றுமை ஒன்றே அவருக்கு வழிகாட்டியாக இருந்தது.

அடுத்து வருபவர் வி. கனகசபைப் பிள்ளை. அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே தமிழராய்ச்சி செய்தவர் இவர். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூலை நம்மில் பலர் அறிவோம். அது 1904-இல் நூலாக வருமுன், சென்னையிலிருந்து வந்த 'மெட்ராஸ் ரிவியூ' என்னும் இதழில் கட்டுரைகளாக வந்தது என்பதை அறிந்தோர் குறைவு. அதே இதழில் 1902-இல் வங்காளத்தையும் பர்மாவையும் தமிழர் வென்றது பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மெய்க்கீர்த்தியில் வரும் நக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகள் என்றார், அது சரி. பப்பாளம் என்பது இலங்கையின் மகாவம்சத்தில், பர்மாவைச் சேர்ந்த இராமஞ்ஞ நாட்டுத் துறைமுகமாகக் கூறப்படும் ஊர் என்றார். அதுவும் கூர்மையான கருத்தே. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு, கடாரமும் பர்மாவிலேயே இருந்திருக்க வேண்டும் என்ற முடிவு எழுந்தது. கல்வெட்டறிஞர் வெங்கையா போன்றோரும் இந்த வழியே சென்றனர்.

இனி நிகழ்ந்ததைக் கவனியுங்கள். பெகு நகரில் நின்ற இரண்டு கருங்கல் தூண்களை, இராசேந்திரன் நாட்டிய வெற்றித் தூண்கள் என்று பர்மாவின் தொல்லியல் துறையினர் கருதலாயினர். அத்தூண்களில் சோழன் பெயர் இல்லை. கடாரம் பர்மாவில் இருந்தது என்ற கருத்து முன்னரே மனத்தில் இருந்தமையால், தூண்கள் சான்றாகிவிட்டன. வின்சென்ட் ஸ்மித் எழுதிய பழைய இந்திய வரலாறு, அந்நாளில் கல்லூரிதோறும் பாடமாக இருந்தது. அந்நூலும் கடாரத்தைப் பெகு நாட்டின் பழைய தலைநகர் என்றது. 1914-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தத் தூண்களும் இடம்பெற்றன. ஓர் இதழில் "இருக்கலாம்" என்று தொடங்கிய கருத்து, பாடநூலுக்கு வரும்போது "இருந்தது" என்று ஆகிவிட்டது. அந்நூலை மட்டும் படித்துத் தேர்வெழுதிய தலைமுறையினர் கடாரத்தைப் பர்மாவிலேயே வைத்துக்கொண்டிருந்தனர்.

1918-ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. ஹனோயில் இயங்கிய தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் இதழில், ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் ஸ்ரீவிசய அரசைப் பற்றி 36 பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எந்த இடத்தையும் தோண்டிப் பார்க்கவில்லை. புதிய கல்வெட்டைக் கண்டெடுக்கவுமில்லை. தனித்தனியே வெளியாகியிருந்த செய்திகளை ஒரு மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டார், அவ்வளவே. ஆராய்ச்சி மாணவர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும்.

அவர் ஒப்பிட்டவை யாவை? ஒன்று, லெய்டன் செப்பேடு. இராசராச சோழனின் 21-ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதைக் கூறும் செப்பேடு அது. நெடுங்காலம் ஆலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தமையால் அப்பெயர் பெற்றது. அதன் தமிழ்ப் பகுதி விகாரம் கட்டிய மன்னனைக் கடாரத்தரையன் என்கிறது. வடமொழிப் பகுதியோ சூளாமணி வர்மனின் மகன் மாரவிசயோத்துங்க வர்மனை ஸ்ரீவிசய நாட்டுக்கும் கடாகத்துக்கும் தலைவன் என்கிறது. மற்றொன்று, சீன நாட்டுச் சொங் அரச வரலாறு. சான்ஃபோசி என்ற தென்கடல் நாட்டிலிருந்து 1003-இல் தூது வந்தது என்றும், 1008-இல் அடுத்த மன்னனிடமிருந்து தூது வந்தது என்றும் அது குறிக்கிறது. அம்மன்னர்களின் பெயர்களைச் சீன எழுத்தில் உள்ளபடி ஒலித்துப் பார்த்தால், சூளாமணி வர்மன் என்பதும் மாரவி... என்பதும் காதில் விழுகின்றன. மூன்றாவது, சுமத்திராவை அடுத்த பங்காத் தீவில் கோத்தா காப்பூர் என்னுமிடத்தில் கிடைத்த 686-ஆம் ஆண்டுப் பழைய மலாய்க் கல்வெட்டு. அதில் வரும் ஸ்ரீவிசயம் என்பதை ஒரு மன்னனின் பெயராக முன்னோர் கொண்டிருந்தனர். அது நாட்டின் பெயரே என்று செதேஸ் காட்டினார். இவ்வளவும் பொருந்தியபின், ஸ்ரீவிசயம் சுமத்திராவைச் சேர்ந்தது என்பதும், கடாகமும் கடாரமும் மலாய்த் தீபகற்பத்தின் மேற்கரையில் உள்ள கெடா என்பதும் தெளிவாயின. பெகுவின் தூண்கள் தம் பெருமையை இழந்தன.

தமிழ்ச் செப்பேடு ஓரிடத்தில், சீனக் குறிப்பு வேறோரிடத்தில், மலாய்க் கல்வெட்டு மற்றோரிடத்தில் என இருந்தவை ஒரு பிரெஞ்சு இதழில் வந்து கூடின. தமிழ் இதழ்களை மட்டும் பார்ப்போம் என்று இருந்தவருக்கு இது கிட்டியிருக்காது. தமிழைப் பற்றிய செய்தி தமிழிலேயே இருக்கும் என்று எண்ணுவது நம்மிடையே உள்ள ஒரு பெருங்குறை.

இச்செய்தி நம் நாட்டுக்கு எப்போது வந்தது? இரண்டே ஆண்டுகளில் வந்தது. அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை சிங்கப்பூரில் நடத்திய இதழின் 81-ஆம் எண்ணில், 1920-இல், பிளாக்டன் என்ற மலாய் மொழியறிஞர் செதேஸின் கருத்துகளை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். பிரெஞ்சு அறியாத தமிழ் ஆசிரியர் ஒருவர் அன்றே சிங்கப்பூர் நூலகம் ஒன்றில் அதனைப் படித்திருக்க முடியும். இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். இக்கழகம் 1877-இல் தோன்றி, 1878 முதல் இதழை வெளியிட்டது. 1922 வரை 86 எண்கள் வந்தன. 1923-இல் மலாயாக் கிளை என்று பெயர் மாறியபோது, இதழும் மீண்டும் முதல் தொகுதியிலிருந்து எண்ணப்பட்டது. 1964-இல் மலேசியக் கிளை என்று ஆயிற்று. ஆகவே, அடிக்குறிப்பு ஒன்றில் வெறும் எண்ணை மட்டும் பார்த்து நூலகத்தில் கேட்டால், முற்றிலும் வேறான இதழ் கைக்கு வரும். ஆண்டையும் கிளையின் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் வழக்கு நின்றுவிடவில்லை. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி கடாகம் பற்றி 1938-இல் கல்கத்தாவின் பேரிந்தியக் கழக இதழில் தனிக்கட்டுரை எழுதினார். ராலண்டு பிராடல் என்ற சிங்கப்பூர் வழக்கறிஞர், தீபகற்பத்தின் பண்டைக் காலத்தைப் பற்றி மலாயாக் கிளை இதழில் 1935 முதல் பல கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதினார். ஓய்வு நேரத்தில் ஒருவர் இவ்வளவு செய்ய முடியுமா என்று அவற்றைப் புரட்டும்போது மலைப்பு உண்டாகிறது. 1936-37-இல் கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு நடத்திய குவாரிட்ச் வேல்ஸ், தம் அறிக்கையை அதே இதழின் 18-ஆம் தொகுதியில் 1940-இல் வெளியிட்டார். அவர் இடங்களுக்கு இட்ட எண்கள் பின்னரும் வழங்கின. எட்டாம் இடம் என்று அவர் குறித்ததே நாம் பார்க்கச் செல்லும் புக்கிட் பத்து பகாட் கோயில். அலஸ்டேர் லாம் அதனை மீண்டும் ஆராய்ந்து, 1960-இல் கூட்டரசு அரும்பொருளகங்களின் இதழில் எழுதினார். வேல்ஸின் முடிவுகளை அவர் அப்படியே ஏற்கவில்லை.

இங்கே நாம் வெளிப்படையாகவே ஒன்றைக் கூற வேண்டும். அக்கோயிலை இராசேந்திரன் கட்டியதாகச் சிலர் எழுதிவிடுகின்றனர். மேற்கூறிய இதழ்க் கட்டுரைகளைப் படித்துப் பார்த்தால், இராசேந்திரன் பெயர் பொறித்த கல்வெட்டு எதுவும் அங்கே கிடைத்ததாக இல்லை. மெய்க்கீர்த்தி கூறுவது ஒரு கடற்படையெடுப்பு. அகழாய்வு காட்டுவது நெடுங்கால வாணிகத்தையும் வழிபாட்டையும். இரண்டும் உண்மை, ஆனால், ஒன்றுக்கு மற்றொன்று சான்றாகாது. இந்நாட்டில் நம் முன்னோரின் தொன்மையைப் பற்றி நாம் பேசும்போது, பிற இனத்து அறிஞர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெகுவின் தூண்களைப் போன்ற ஒரு சான்றைக் காட்டிவிட்டால், நம்மிடம் உள்ள மெய்யான சான்றுகளையும் அவர்கள் ஐயுறுவர்.

தமிழ் இதழ்களுக்கு வருவோம். மதுரைத் தமிழ்ச்சங்கம் 1901-இல் பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பெற்றது. அது வெளியிட்ட 'செந்தமிழ்', தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் 'செந்தமிழ்ச் செல்வி', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப்பொழில்' ஆகிய மூன்றும் இலக்கிய ஆராய்ச்சிக்கு வற்றாத ஊற்றுகள். கல்வெட்டுப் புலமைமிக்க சதாசிவ பண்டாரத்தார் இத்தகைய இதழ்களில் எழுதியெழுதியே தேர்ந்தவர். அவருடைய பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949-இல் வந்தபோது, கடாரம் கெடாவே என்பது தமிழ் மாணவர் கைக்குத் தமிழிலேயே கிட்டியது. செதேஸ் எழுதி முப்பத்தோராண்டுகள் ஆகியிருந்தன.

பழைய தமிழ் இதழ்களைத் தேடுவோருக்கு ஒரு தொல்லை உண்டு. பலவற்றில் ஆங்கில ஆண்டைவிடத் தமிழாண்டும் மாதமுமே முதன்மையாக இருக்கும். அறுபதாண்டு வட்டம் திரும்பத் திரும்ப வருவதால், பிரபவ என்றால் 1867-இல் தொடங்கியதா, 1927-இல் தொடங்கியதா, 1987-இல் தொடங்கியதா என்பதைத் தொகுதி எண்ணைக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். மேலும், தை முதல் பங்குனி வரையிலான இதழ்கள் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. இதனைக் கருதாமல் ஆண்டைக் குறித்துவிட்டால், எது முந்தியது, எது மறுப்பு என்பதே தலைகீழாகிவிடும்.

இலக்கியச் சான்றைக் கையாள்வதிலும் இதே கவனம் வேண்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவியும் பொருள்களுள் காழகத்துப் பொருளும் கூறப்படுகிறது. நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை எழுதினார். இதனைக் கொண்டு சங்க காலத்திலேயே கெடாவிலிருந்து கப்பல்கள் வந்தன என்று எழுதுவோர் உளர். உரையாசிரியரோ இராசேந்திரனுக்கும் பிற்பட்டவர். அவர் காலத்தில் காழகம் என்ற பெயரை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கே அவ்வுரை நேரான சான்று. சங்க கால வாணிகத்துக்கு வேறு சான்றுகள் தேட வேண்டும்.

இனி, தேடும் முறை. கடாரம் பற்றி எழுத விரும்பும் மாணவர், பழைய நூலில் தொடங்கக் கூடாது. கிடைப்பவற்றுள் அண்மைக்கால ஆய்வு நூலில் தொடங்க வேண்டும். சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 2009-இல் வெளியிட்ட, நாகப்பட்டினம் முதல் சுவர்ணத் தீபம் வரை என்னும் பொருள்படும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுதி அதற்கு ஏற்றது. நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் தொகுத்த, தென்கிழக்காசியா தொடர்பான தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளின் பிற்சேர்க்கையும் அதில் உண்டு. அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், நீலகண்ட சாஸ்திரி, பிளாக்டன், செதேஸ் என்று ஒவ்வொரு படியாக இறங்கி ஹுல்ட்ஷ் வரை செல்லலாம். செதேஸின் பிரெஞ்சுக் கட்டுரை நமக்கு எட்டாதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. மேற்சொன்ன கழகத்தின் மலேசியக் கிளை 1992-இல் கோலாலம்பூரில் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தனி நூலாக வெளியிட்டிருக்கிறது.

தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பியிருக்கலாகாது. கடாரம், கிடாரம், காழகம், கடாகம், கெடா என நம்மிடையே வழங்கும் பெயர்களோடு, சீன யாத்திரிகர் இட்சிங் எழுதிய வடிவத்தையும், அரபு நாட்டார் கலா என்று எழுதியதையும் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதியிருப்பர். கணினியில் தேடினாலும், அட்டையடுக்கில் தேடினாலும், அத்தனை வடிவங்களிலும் தேட வேண்டும். நீரிணைக் கிளை, மலாயாக் கிளை இதழ்களை ஜேஸ்டோர் என்னும் இணையக் களஞ்சியத்திலும், பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் இதழைப் பெர்சே என்னும் தளத்திலும் படிக்கலாம். பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் துணைபுரியும். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தையும் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. திரையில் ஒரு பக்கத்தைப் பார்ப்பதைவிட, கட்டடம் செய்த தொகுதியைப் புரட்டும்போது, அடுத்த பக்கத்தில் எதிர்பாராத மறுப்புரை ஒன்று கண்ணில் படுவதுண்டு.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகள் இத்துறையில் நமக்குச் செய்த உதவி பெரிது. 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கி, தமிழாராய்ச்சியைப் பிற நாட்டார் படிக்கச் செய்தவர் அவர். முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்த 1966-ஆம் ஆண்டிலேயே, தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றையும் தொகுத்து வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'நூல்கள்' என்று வரையறுத்திருக்கிறார். இதழ்க் கட்டுரைகள் அதில் அடங்கா; அவற்றை நாமே தேட வேண்டியிருக்கிறது.

எடுத்த குறிப்பை எழுதும்போது, நாம் கண்ணால் கண்ட இதழையே சான்றாகக் காட்ட வேண்டும். செதேஸை நீலகண்ட சாஸ்திரியின் வழியே அறிந்திருந்தால், அவ்வாறே எழுதிவிடுவது நேர்மை. இதழின் பெயர், தொகுதி, எண், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொண்டால், பின்னர் அதே நூலகத்துக்கு மீண்டும் நடக்க வேண்டியதில்லை.

மெய்க்கீர்த்தியின் பதின்மூன்று பெயர்களில் கடாரம் ஒருவாறு நிலைபெற்றுவிட்டது. இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனையிலும், மாதமாலிங்கம் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் வட்டாரத்திலும் இருந்தன என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். வளைப்பந்தூறும் மேவிலிம்பங்கமும் எவை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.